அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்

(இறம்பொடையில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், நிறை, அரைப்பேர், தீபாவளி முற்பணம் என்றுதான் பேச்சு வரும். இன்றைக்கு நாங்கள் பேசப் போவது தொண்டையைப் பற்றி. தொண்டையில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பியையும், அது ஒழுங்காக வேலை செய்யாத பெண் பிள்ளைத்தாய்ச்சியானால் என்ன செய்யவேண்டும் என்பதையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது டொக்டர் பேசவேண்டிய விஷயம், சங்கம் ஏன் பேசுகிறது என்று சிலர் கேட்டார்கள். காரணத்தை ஒரு சகோதரியின் கதையிலிருந்தே சொல்கிறோம். அவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். "பேரைச் சொல்லாதீங்க, கதையைச் சொல்லுங்க" என்று சொல்லி அனுமதி தந்திருக்கிறார்.

அந்தச் சகோதரிக்கு மூத்த பையன் பிறந்த பிறகு உடம்பு சரியில்லாமல் போனது. எந்நேரமும் அசதி. மலையில் ஏறினால் கால் எழும்பாது. தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குளிர் தாங்கவில்லை. ஆனால் இறம்பொடை மலையில் மழைக்காலத்தில் குளிருது என்று சொன்னால் யார் அதை நோயென்று எடுப்பார்கள்? அசதி என்றால் "எங்களுக்கு மட்டும் அசதி இல்லையா?" என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தது. அரைப்பேர் விழுந்தது. சோம்பேறி என்று பேரும் வந்தது. இப்படி இருக்கும்போது ஒரு பிள்ளை தங்கி, 10ஆம் வாரத்தில் கலைந்தும் போனது. அதற்குப் பிறகுதான் ஒரு டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இரத்தம் எடுக்கச் சொன்னார். தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. தினமும் ஒரு மாத்திரை. இரண்டு மூன்று மாதத்தில் ஆள் தேறிவிட்டார்.

அடுத்த வருஷம் மறுபடியும் நாள் தள்ளிப்போனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமியார் அன்பாகத்தான் சொன்னார்: "முழுகாம இருக்கிறவ கண்ட மாத்திரையும் போடக்கூடாது. பிள்ளைக்கு ஆகாது." சகோதரி மாத்திரையை நிறுத்திவிட்டார். கிளினிக்குக்கு உடனே போகவுமில்லை. போனால் ஒருநாள் பேர் போய்விடும், வயிறு தெரியட்டும் என்று இருந்துவிட்டார். நாலாம் மாதம் போனபோது இரத்தத்தில் அளவு மிகவும் மோசமாக இருந்தது. டொக்டர் ஏசவில்லை. "பிள்ளைக்காகத்தானம்மா இந்த மாத்திரை. யார் நிறுத்தச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து ஒழுங்காக மருந்தெடுத்து, பெண் பிள்ளை பிறந்தது. இன்றைக்கு அது பிள்ளை மடுவத்தில் ஓடி விளையாடுகிறது. ஆனால் முதலில் கலைந்த பிள்ளையை நினைத்து அந்தத் தாய் இன்னும் அழுகிறார். அது தைரொயிட்டினால்தான் கலைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. பிள்ளை கலைவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு இரத்தப் பரிசோதனை முன்னாலேயே செய்திருக்கலாமே என்ற எண்ணம்தான் அவரை விடாமல் இருக்கிறது.

இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமில்லை. மாமியார் கெட்டவர் அல்ல. சகோதரி கவனமில்லாதவரும் அல்ல. விஷயம் தெரியவில்லை, ஒருநாள் பேரை இழக்க வழியில்லை. இந்த இரண்டுமே தொழிலாளியின் பிரச்சினைகள். அதனால்தான் சங்கம் பேசுகிறது.

கழுத்தில் இருக்கும் சுரப்பி

தைரொயிட் சுரப்பி கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல இருக்கும். அது சுரக்கும் நீர்தான் உடம்பின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதயத் துடிப்பு, உடற்சூடு, சாப்பாடு செமிப்பது, மூளை வேலை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அதைச் சுரக்க அயடீன் வேண்டும்.

சுரப்பியை மேற்பார்வை செய்வது மூளைக்குக் கீழே இருக்கும் இன்னொரு சுரப்பி. அதைக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தைரொயிட் மெதுவாக வேலை செய்தால் கங்காணி சத்தம் போடுவார். வேகமாகச் செய்தால் பேசாமல் இருப்பார். அந்தச் சத்தத்தைத்தான் டி.எஸ்.எச். என்று இரத்தத்தில் அளக்கிறார்கள். ஆகவே துண்டில் டி.எஸ்.எச். கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தால், தைரொயிட் குறைவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். டி.எஸ்.எச். மிகவும் குறைந்திருந்தால் பெரும்பாலும் தைரொயிட் அதிகமாக வேலை செய்கிறது. பலர் இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள்.

குறைவாக வேலை செய்தால் அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், உடம்பு ஊதுதல், மாதவிலக்கு அதிகமாகப் போவது, பிள்ளை தங்காமை போன்றவை வரலாம். அதிகமாக வேலை செய்தால் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது. கழுத்தில் வீக்கம் இரண்டிலும் வரலாம். ஒன்றுமில்லாமலும் வரலாம். அசதி என்றால் இரத்தச்சோகையாகவும் இருக்கலாம். எது என்று இரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாமாக முடிவு கட்டக்கூடாது.

குறைவுக்குக் கொடுக்கும் மாத்திரையின் பெயர் தைரொக்சின். சுரப்பி தரவேண்டியதையே மாத்திரையாகத் தருகிறார்கள், அவ்வளவுதான். இந்த வைத்தியம் நேற்று வந்ததும் அல்ல. 1891இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் ஜோர்ஜ் மரே என்ற டொக்டர், ஆட்டின் தைரொயிட் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். சாகக் கிடந்த அந்தப் பெண் தேறி, மேலும் 28 வருஷம் வாழ்ந்தார். இன்றைக்கு ஆட்டுச் சாறு தேவையில்லை, தொழிற்சாலையில் செய்த சுத்தமான மாத்திரை இருக்கிறது.

பிள்ளைக்கு ஆசைப்படும்போதே

தைரொயிட் இருப்பவர்கள் பிள்ளை பெறலாமா என்று கலியாணம் பேசும் இடத்திலேயே கேட்கிறார்கள். தாராளமாகப் பெறலாம். அளவு சரியாக இருந்தால் மற்றத் தாய்மாரைப் போலத்தான். ஆனால் பிள்ளை தங்குவதற்கு முன்னாலேயே அளவைச் சரி செய்துகொள்வது நல்லது. மாத்திரை எடுப்பவர்கள் "பிள்ளைக்கு யோசிக்கிறோம்" என்று கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்னால் இரத்தம் பார்த்து, டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே வருகிற மாதிரி மாத்திரையைச் சரி செய்வார்கள். கூடவே போலிக் அமில மாத்திரையும் தருவார்கள்.

இதுவரை பரிசோதிக்காதவர்களில் சிலர் கட்டாயம் கேட்டுப் பார்க்கவேண்டும். கழுத்தில் வீக்கம் இருப்பவர்கள், தாய்க்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ தைரொயிட் இருப்பவர்கள், முன்பு பிள்ளை கலைந்தவர்கள் அல்லது குறைமாதத்தில் பெற்றவர்கள், வெகுநாளாகப் பிள்ளை இல்லாதவர்கள், சிறுவயதிலேயே சீனி வியாதி வந்து இன்சுலின் போடுபவர்கள், தைரொயிட்டுக்கு ஒப்பரேஷன் செய்தவர்கள். கர்ப்பிணிகளுக்கு வழமையாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் சேராமல் இருக்கலாம். ஆகவே மிட்வைஃப் மிஸ்ஸிடம் "எங்க அம்மாவுக்கும் கழுத்து வீக்கம் இருந்திச்சு, எனக்கும் பார்க்கணுமா?" என்று வாய்திறந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

நாள் தள்ளிப்போன அந்த வாரமே

இன்றைக்குச் சொல்கிற எல்லாவற்றிலும் இது ஒன்றை மட்டுமாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் தைரொயிட் நீர் வேண்டும். மூளை வளர்வதற்கு அது அவசியம். ஆனால் முதல் மூன்று மாதமளவில் பிள்ளையின் சுரப்பி வேலையே தொடங்கியிருக்காது. ஏறக்குறைய 12ஆம் வாரத்தில்தான் தொடங்கும். 18, 20 வாரமளவில்தான் ஓரளவு தன் காலில் நிற்கும். அதுவரைக்கும் பிள்ளை தாயுடையதைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒரு சுரப்பி இரண்டு பேருக்கு உழைக்கவேண்டும். நல்ல சுரப்பி அப்படியே கூட்டிச் சுரக்கும். மாத்திரையை நம்பியிருக்கும் தாயின் சுரப்பியால் அது முடியாது. அப்படியானால் மாத்திரையைத்தான் கூட்டவேண்டும். நாம் என்ன செய்கிறோம்? கூட்டவேண்டிய நேரத்தில் நிறுத்திவிடுகிறோம்.

2004இல் அமெரிக்காவில் தைரொக்சின் எடுக்கும் 19 பெண்களைக் கர்ப்ப காலத்தில் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலானோருக்கு மாத்திரை அளவு கூட்டவேண்டி வந்தது. சராசரியாக 47 வீதம், அதாவது ஏறக்குறைய அரைவாசி. சிலருக்கு 5ஆம் வாரத்திலேயே அந்தத் தேவை வந்துவிட்டது. 5ஆம் வாரம் என்றால் நாள் தள்ளி ஒரு வாரம். வயிறு தெரியட்டும் என்று நாம் காத்திருக்கும் காலத்தில் முக்கியமான வாரங்கள் எல்லாம் போய்விடுகின்றன.

1999இல் வெளியான இன்னொரு ஆய்வு, கர்ப்பத்தில் தைரொயிட் குறைந்தும் மருந்தெடுக்காத தாய்மாரின் பிள்ளைகளை 7 முதல் 9 வயதில் பரிசோதித்தது. அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியாக 7 புள்ளி குறைவாக இருந்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் ஏற்கெனவே எத்தனை தடைகளைத் தாண்டிப் படிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சின்ன மாத்திரையால் தவிர்க்கக்கூடிய தடையையும் ஏன் சேர்க்கவேண்டும்?

ஆகவே நாள் தள்ளிப்போனால் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். அந்த வாரமே மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். "எனக்குத் தைரொயிட் இருக்கு, மாத்திரை எடுக்கிறேன்" என்பதைத்தான் முதல் வசனமாகச் சொல்லுங்கள். சில டொக்டர்மார் முன்கூட்டியே, "நாள் தள்ளினால் வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதிலாக 9 எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள்" என்று சொல்லி வைப்பார்கள். உங்களுக்கு என்ன அளவு என்பதை உங்கள் டொக்டரிடம் இப்போதே கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கள். அவரிடம் கேட்காமல் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அதன்பிறகு 20 வாரமளவு வரைக்கும் 4 வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கவேண்டும். பிறகு 30ஆம் வாரமளவில் இன்னொரு முறை. துண்டை எடுத்ததும் பெட்டியில் போட்டுவிடாமல் டொக்டரிடம் காட்டவேண்டும். அளவு சரியா பிழையா என்று கேட்காமல் கிளினிக்கை விட்டு வராதீர்கள்.

தேத்தண்ணிக்கு முன்னால் மாத்திரை

மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் அளவு சரிவரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். விசாரித்தால் காரணம் பெரும்பாலும் நேரம்தான். தைரொக்சின் வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில் போடவேண்டிய மாத்திரை. நாமோ கண்விழித்ததும் அடுப்பைப் பற்றவைத்து, தேத்தண்ணி குடித்து, அதோடு மாத்திரையையும் போட்டுவிடுகிறோம். சாப்பாடும் தேத்தண்ணியும் கோப்பியும் பாலும் மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

இன்னொரு பெரிய தடை, கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரையும் கல்சியம் மாத்திரையும். இரண்டும் கட்டாயம் வேண்டும், அவற்றை நிறுத்தக்கூடாது. ஆனால் தைரொக்சினுக்கும் இவற்றுக்கும் இடையில் 4 மணித்தியாலம் இருக்கவேண்டும். எல்லா மாத்திரையையும் ஒரே கையில் கொட்டி ஒரே மிடறில் விழுங்கினால் தைரொக்சின் வீணாகும்.

நம் வேலை நேரத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். விடியற்காலை 4.30, 5 மணிக்கு எழும்பியதும் பச்சைத் தண்ணீரில் தைரொக்சின். பிறகு அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை எழுப்பி, அரைமணியிலிருந்து ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணியும் சாப்பாடும். பெரட்டுக்குப் போகும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கல்சியம். இராத்திரி இரும்புச் சத்து மாத்திரை, அதையும் தண்ணீரில்தான் போடவேண்டும். இரும்பு போட்ட நேரத்தில் தேத்தண்ணி குடித்தால் இரும்பும் சேராது. நாம் பறிக்கும் கொழுந்துதான், ஆனாலும் இந்த இரண்டு மாத்திரைக்கும் அது ஆகாது. திரிபோஷவில் சோயா இருப்பதால் அதையும் காலை மாத்திரையோடு சேர்க்காமல் பின்னேரத்தில் சாப்பிடுங்கள்.

காலையில் வாந்தி எடுக்கும் தாய்மார், மாத்திரையை இராத்திரி படுக்கும்போது போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அப்படி மாற்றினால் சாப்பிட்டு 3 மணித்தியாலமாவது கழிந்திருக்கவேண்டும், இரும்பு மாத்திரையைப் பகலுக்கு மாற்றவேண்டும். ஒருநாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் அன்றைக்கே போடுங்கள், விட்டுவிடாதீர்கள்.

மருந்துப் பையில் எழுதியிருப்பது நம்மில் பலருக்கு விளங்குவதில்லை. மாத்திரை 25, 50, 100 என்று வெவ்வேறு பலத்தில் வருகிறது. போன மாதம் 100 தந்து இந்த மாதம் 50 தந்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு போடவேண்டும். இது தெரியாமல் பாதி அளவில் இருப்பவர்கள் உண்டு. பையை வாங்கும்போதே "எத்தனை, எந்த நேரம்?" என்று கேட்டு, படிக்கிற பிள்ளையைக் கொண்டு தமிழில் எழுதி ஒட்டுங்கள். கடைசி மாத்திரை முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2022இல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாடு நினைவிருக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் புசல்லாவைக்கும் போக முடியாது, நுவரெலியாவுக்கும் போக முடியாது. எப்போதும் இரண்டு வாரத்துக்கு மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

அண்ணன் தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இராத்திரி படுக்கும்போது ஒரு கோப்பை தண்ணீரையும் மாத்திரையையும் அவர் தலைமாட்டில் வையுங்கள். விடிய அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். அவருக்கு அந்த அரைமணி கிடைக்கட்டும்.

சுரப்பி அதிகமாக வேலை செய்பவர்களுக்கு

இவர்களுக்குப் பெரும்பாலும் கார்பிமசோல் என்ற மாத்திரை கொடுப்பார்கள். தைரொக்சின் வேறு, இது வேறு. கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் கார்பிமசோல் பிள்ளையின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும் என்பதால், அந்தக் காலத்துக்கு வேறு மருந்துக்கு மாற்றுவதுண்டு. அதனால் பிள்ளை தங்குவதற்கு முன்னாலேயே டொக்டரிடம் பேசவேண்டும். எதிர்பாராமல் தங்கிவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ போகவேண்டும். பயந்து நீங்களாக நிறுத்திவிட்டால் நோய் ஏறி, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து வரலாம். இந்த மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சலோடு தொண்டை நோவு வந்தால், தடிமன் என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

உப்பும் கோவாவும்

நம் நாட்டில் கழலை நோய் ஒரு காலத்தில் மிகவும் பரவியிருந்தது. 1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களில் பார்த்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்குக் கழலை இருந்தது. 1995இலிருந்து சாப்பாட்டு உப்பில் அயடீன் கலப்பது கட்டாயமானது. அந்தப் பலன் வீட்டுக்கு வந்து சேரவேண்டுமானால் அயடீன் சேர்த்தது என்று போட்ட பக்கெட்டைப் பார்த்து வாங்கவேண்டும். மூடியுள்ள போத்தலில், அடுப்பு வெக்கையும் ஈரமும் படாத இடத்தில் வைக்கவேண்டும். கறி இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் அயடீன் வீணாவது குறையும். அதற்காக உப்பைக் கூட்டிச் சாப்பிடவேண்டாம், பிரஷர் ஏறும்.

கோவா, முள்ளங்கி சாப்பிடக்கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் இருந்துகொண்டு கோவாவை விட்டால் எதைச் சாப்பிடுவது? அவித்து, அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை. கழுத்துக் கயிறும் நாட்டு மருந்தும் உங்கள் விருப்பம். ஆனால் அவற்றுக்காக மாத்திரையை விடாதீர்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

பிறந்த பிள்ளையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். பிள்ளையை ஏன் வதைக்கிறார்கள் என்று சண்டை பிடிக்காதீர்கள். பிறவியிலேயே தைரொயிட் இல்லாத பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. நம் நாட்டில் 2010இல் தென் மாகாணத்தில் தொடங்கியது. அப்படிப்பட்ட பிள்ளை பார்வைக்கு நல்ல பிள்ளையாகவே இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போல வளரும். தாமதித்தால் மூளை வளர்ச்சி நிரந்தரமாகக் குன்றிவிடும்.

இங்கேதான் நமக்கு ஒரு தனிக் கஷ்டம். லயத்து வீட்டுக்குச் சரியான விலாசம் இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கே கிடந்து, கைக்கு வர நாளாகும். ஆகவே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டெலிபோன் நம்பர் இரண்டு கொடுங்கள். ஒன்று உங்களுடையது, மற்றது எப்போதும் போனை எடுக்கும் ஒருவருடையது. துண்டு வெட்டி வீட்டுக்கு வரும்முன் "குதிகால் இரத்தம் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். திரும்பி வரச் சொல்லி அழைப்பு வந்தால் அன்றைக்கே போங்கள்.

தாயைப் பொறுத்தவரை, பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பத்தில் கூட்டிய மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைப்பார்கள். எவ்வளவு என்று வீட்டுக்கு வரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 6 வாரத்தில் மறுபடி இரத்தம் பார்க்கவேண்டும். தைரொக்சின் எடுத்துக்கொண்டு தாராளமாகப் பால் கொடுக்கலாம். கார்பிமசோல் எடுப்பவர்களும் டொக்டர் சொன்ன அளவில் எடுத்துக்கொண்டு பால் கொடுக்கலாம்.

இதுவரை தைரொயிட் இல்லாத சிலருக்கும் பிரசவித்த வருஷத்தில் அது வருவதுண்டு. ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு. முதல் சில மாதம் படபடப்பும் நித்திரையின்மையும், பிறகு அசதியும் மனச்சோர்வும். பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். பிள்ளை பெற்ற பெண் பேசாமல் மூலையில் உட்கார்ந்தால், காத்துக் கருப்பு என்று சாமியாரிடம் கூட்டிப்போகிறோம். கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு கிளினிக்குக்கும் கூட்டிப்போய், மனநிலையையும் சொல்லி, தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

நமக்குள்ள உரிமை, நாம் கேட்பது

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது. 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் லீவு உண்டு. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான். கர்ப்பமானதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்த முடியாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு தடவை போகலாம். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரைமணித்தியாலம், இல்லையென்றால் ஒரு மணித்தியாலம். இது யாரும் இரங்கித் தருவது அல்ல, சட்டம்.

சட்டத்தில் இன்னும் தெளிவாக இல்லாததைச் சங்கம் கேட்கவேண்டும். கிளினிக் கொப்பியைக் காட்டும் கர்ப்பிணிக்கு அன்றைய பேர் போகக்கூடாது. இரத்தப் பரிசோதனைக்கு நுவரெலியாவுக்கோ கம்பளைக்கோ போகும் நாளும் அதில் சேரவேண்டும். தோட்டத்திலேயே இரத்தம் எடுத்து அனுப்ப ஏற்பாடு வேண்டும். மருந்துப் பையிலும் கொப்பியிலும் தமிழில் எழுதவேண்டும். தோட்டத் தலைவர்மாரே, அடுத்த முறை துரையோடு பேச உட்காரும்போது சம்பளத்துக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வையுங்கள். பெண்கள் விஷயம் என்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை, சந்தாவும் அந்தக் கைகளிலிருந்துதான் வருகிறது.

ஒவ்வொரு லயத்திலும் மாதர் குழுவில் ஒருவர் பொறுப்பெடுங்கள். யாருக்கு என்ன நோய் என்று ஊருக்குச் சொல்வதற்கு அல்ல. "நாள் தள்ளிப்போச்சு" என்று ஒரு தங்கச்சி வந்து சொன்னால், "தைரொயிட் மாத்திரை எடுக்கிறாயா? நிறுத்தாதே, நாளைக்கு நான் கூட வாறேன்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நாம் கதை சொன்ன சகோதரி தன் லயத்துக்கு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவருடைய மாமியாரும் சேர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் உடனே கலைந்துவிடாதீர்கள். கிளினிக் கொப்பியும் மருந்துப் பையும் கொண்டுவந்தவர்கள் அந்த மேசைக்கு வாருங்கள். படித்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எந்த மாத்திரை எந்த நேரம் என்று வாசித்து, தமிழில் எழுதித் தருவார்கள். சந்தேகம் வந்தால் நாங்களாகப் பதில் சொல்லமாட்டோம், டொக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வியாக எழுதித் தருவோம்.